போய் வந்த நாற்காலி

எங்கள் வீட்டில் வெளியே கிளம்புகிற யாரும் 'போறேன்' என்று சொல்லிவிட முடியாது. 'வர்றேன்' என்றுதான் சொல்ல வேண்டும். வாய் தவறிச் சொல்லிவிட்டால் அம்மா அவரைத் திரும்ப உள்ளே கூப்பிட்டு, உட்காரவைத்து, ஒரு வாய் தண்ணீர் கொடுத்து, சரியாகச் சொல்லவைத்த பிறகுதான் அனுப்புவாள். இது ஊரில் எல்லார் வீட்டிலும் உள்ளதுதான். ஆனால் என் அம்மா அந்த வழக்கத்தை ஒரு நாற்காலிக்கும் வைத்தாள். அதிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது என்று நான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

அது யுத்த காலம். அப்பா ரங்கூனில் ஓர் அரிசி மில்லில் வேலையாக இருந்தார். அங்கே குண்டு விழுந்த பிறகு அவரைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. திண்டிவனத்தில் நானும் அம்மாவும் தனியாக இருக்கிறோமே என்று மாமா, அதாவது அம்மாவின் தம்பி, துணைக்கு வந்து சேர்ந்தார். வந்தவர் சும்மா இருக்கிற ஆள் இல்லை. தெருவைப் பார்த்த அறையை ஒழித்துப் பழைய சாமான் வியாபாரம் தொடங்கிவிட்டார்.

விழுப்புரத்தில் ஊரைவிட்டுப் போகிறவர்கள் தள்ளிவிடுகிற மேஜை, அலமாரி, சுவர்க்கடிகாரம் எல்லாவற்றையும் வாங்கி ரயிலில் ஏற்றிக்கொண்டு வருவார். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசுவார். நாலு நாளில் அந்தக் கிழட்டு மேஜை கல்யாண மாப்பிள்ளை மாதிரி மினுமினுத்துக்கொண்டு நிற்கும். இது யாருடையது என்று யார் கேட்டாலும் மாமாவிடம் ஒரே பதில்தான்: "தொர வூட்டு சாமானுங்க." அவர் சொன்ன துரைகள் எல்லாரும் நிஜமாகவே இருந்திருந்தால் தென்னாற்காடு ஜில்லாவில் நமக்கெல்லாம் நிற்க இடம் இருந்திருக்காது.

விழுப்புரம் ஜங்ஷனில் அப்போது பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். மாமா ஒவ்வொருவரிடமும் அப்பாவின் அடையாளம் சொல்லி விசாரிப்பார். அவர் வீடு திரும்பியதும் அம்மா முதலில் அவர் முகத்தைப் பார்ப்பாள். சாமானைப் பார்ப்பது அதற்குப் பிறகுதான்.

ஒருநாள், வேலையிலிருந்து ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் சாய்வு நாற்காலி கேட்டு வந்தார். கடையில் இல்லை. உள்ளறையில் அப்பாவுடையது, பிரம்பு அறுந்து கிடந்தது. வீட்டில் கேப்பைக்கே தட்டுப்பாடாக இருந்த நேரம். மாமா தரையைப் பார்த்துக்கொண்டு அம்மாவிடம் கேட்டார். அம்மாவும் தரையைப் பார்த்துக்கொண்டே சரி என்றாள்.

நாற்காலிக் கைகளில் அப்பா டம்ளர் வைத்து வைத்து விழுந்த வட்டங்களை உப்புத்தாள் தின்றது. மாமா பிரம்பை நனைத்து, ஈரத்தோடு இழுத்துப் பின்னினார். பின்னப் பின்னக் குட்டிக் குட்டித் துளைகள் உண்டாயின. அவற்றுக்குக் கண் என்று பெயர்.

"பாத்தியா, நாக்காலிக்குக் கண்ணு தொறந்தாச்சு" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தனை கண்ணும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.

நாற்காலியை வண்டியில் ஏற்றியபோது அம்மா வாசலுக்கு வந்து, மெல்ல, "போய்ட்டு வாங்க" என்றாள். வண்டிக்காரன் தன்னைத்தான் சொல்கிறாள் என்று தலையாட்டிவிட்டுப் போனான்.

அந்த வாரமே நாற்காலி திரும்பி வந்தது. வாத்தியார் படித்தவர், காரணம் சொல்லக் கூச்சப்பட்டார். பிறகு மாமாவைத் தனியே அழைத்து, நட்டநடுப் பகலில், ஆளே இல்லாதபோது, யாரோ சாய்ந்து உட்காருகிற மாதிரி அது சத்தம் போடுகிறது என்றார். மாமா அதை விழுப்புரத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்கிற வியாபாரி ஒருவருக்குத் தள்ளிவிட்டார். அப்போதும் அம்மா வாசலில் நின்று அதையே சொன்னாள். அங்கிருந்தும் வந்துவிட்டது.

"சாமானப் போய் யாராச்சும் போய்ட்டு வான்னு சொல்லுவாங்களாக்கா? வித்த சரக்கெல்லாம் திரும்பி வந்துக்கினு இருந்தா கட இன்னாத்துக்கு ஆவும்?" என்று மாமா அலுத்துக்கொண்டார். சத்தத்துக்கு அவர் ஒரு காரணம் வைத்திருந்தார். பிரம்பு ஈரமாகப் பின்னியது, காயக் காய முறுக்கிக்கொண்டு கிறீச்சிடும், அவ்வளவுதான் என்றார்.

அவ்வளவுதான் என்றால், முன்னறையில் கிடந்த அது மத்தியானத்தில் ஒருதரம் கிறீச்சிட்டதும் அடுப்பங்கரையில் அம்மாவின் கை ஏன் அப்படியே நின்றது? அந்தச் சத்தம் எனக்கும் தெரிந்த சத்தம்தான். சாப்பிட்டுவிட்டு வந்து அப்பா சாய்கிறபோது வரும்.

மார்கழி பிறந்தது. விடிந்ததும் எழுந்து போய் அந்த நாற்காலியைத் தொட்டுப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. பயந்துகொண்டேதான் தொடுவேன். தரை சில்லென்று இருக்கும். பக்கத்து மேஜையும் அப்படித்தான். நாற்காலியின் பிரம்பு மட்டும், யாரோ அப்போதுதான் எழுந்து போனதுபோல, வெதுவெதுப்பாக இருக்கும். மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கை வைத்தார், சட்டென்று எடுத்துக்கொண்டார்.

ஊருக்கு இதெல்லாம் தெரியாமல் இருக்குமா? ஒரு வீட்டில் ஆண்பிள்ளையின் நாற்காலியை விற்கிறார்கள் என்றால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஒரு காலை எதிர்வீட்டுப் பெரியம்மா தலையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு உள்ளே வந்து, அம்மாவைக் கட்டிப் பிடித்து ஒப்பாரி வைத்தாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியேடி பாவி. சேதி வந்து எத்தினி நாளாச்சு?"

அம்மா அழவில்லை. பெரியம்மாவின் கைகளை மெதுவாக விலக்கிவிட்டு, ஒரு செம்பு தண்ணீர் கொடுத்து, "சேதி ஒண்ணும் வரலீங்க பெரிம்மா" என்றாள். பெரியம்மா தண்ணீரைக் குடித்துவிட்டு அம்மாவின் நெற்றிக் குங்குமத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்குப் பிறகு கடைக்குள் ஒருவரும் கால் வைக்கவில்லை. கடிகாரங்கள் யாருக்காகவோ அடித்துக்கொண்டிருந்தன. இந்த நாற்காலி ஊரைவிட்டே போனால்தான் நமக்குச் சோறு என்று மாமா சொன்னார். அம்மா மறுக்கவில்லை. கோட்டக்குப்பத்து பாய் ஒருவர், பேய்க்கும் பிசாசுக்கும் பயப்படாதவர், வாங்கிக்கொள்ள ஒப்புக்கொண்டு வண்டியோடு வந்தார். அவர் வந்தபோது வெயில்கூட ஏறவில்லை. மாமா அம்மாவின் காதில், "இந்த வாட்டி நீ வாயத் தொறக்காதக்கா" என்று கெஞ்சினார். அம்மா கதவோரம் நின்றாள், வாயைத் திறக்கவில்லை.

பாய் குனிந்து பிரம்பின்மேல் உள்ளங்கையை வைத்தார். வைத்தவர் எடுக்கவில்லை. மெதுவாகத் தலையை உயர்த்திக் கதவோரம் பார்த்தார். பிறகு கையை எடுத்துக்கொண்டார்.

"இது யாரோட நாக்காலி தங்கச்சி?"

மாமா அவசரமாக, "தொர வூட்டு" என்று ஆரம்பித்தார். பாய் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"என் தம்பி சைகோன்ல கீறான்" என்றார் பாய். "உயிரோட கீறானான்னு தெரியல. அவன் கட்டுல்ல இன்னிக்கு வரிக்கும் யாரையும் படுக்க வுட்டதில்ல. ஆளு இருக்கிற நாக்காலிம்மா இது. நான் எப்பிடி எடுத்துக்கினு போறது?"

ஒரு கடிகாரத்தையும் அலமாரியையும் வண்டியில் ஏற்றச் சொன்னார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "வர்றேன் தங்கச்சி" என்றார். பாயே சாமான் வாங்கிப்போனார் என்று தெரிந்ததும் ஊரும் பின்னாலேயே வந்தது. வியாபாரம் பிழைத்துக்கொண்டது. நாற்காலி முன்னறையிலேயே, வாசலைப் பார்த்தபடி நின்றது. யாராவது விலை கேட்டால் மாமா, "அது ஆளு இருக்கிறதுங்க" என்பார்.

எனக்குத்தான் ஒன்று விளங்கவில்லை. அன்றைக்கு அம்மா அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லையே, பின் நாற்காலி எப்படி வீட்டிலேயே நின்றது? ஒரு நாள் விடிந்ததும், கேட்டுவிடலாம் என்று அம்மாவிடம் ஓடினேன். அவள் சாணம் தெளித்த வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவளுடைய ஒரு பக்கக் கன்னத்தில், காதோரம் வரைக்கும், குட்டிக் குட்டிக் கண்களாகப் பதிந்திருந்தது. அதைப் பார்த்ததும் கேட்க வந்ததே மறந்துபோய், கன்னத்தில் என்ன என்று கேட்டேன். கோரைப்பாயில் படுத்ததால் விழுந்தது என்றாள்.

சரி என்று விளையாடப் போய்விட்டேன். எங்கள் வீட்டுப் பாயில் படுத்து எழுந்தால் என் கன்னத்தில் எப்போதும் கோடுகள்தான் விழும்.