அடுத்த வருஷம் வரும் திரை

அலுவலகத்தில் அவனுக்கு 'அடுத்த வருஷம்' என்று பெயர். இன்னும் கடைக்கு வராத ஃபோன்களைப் பற்றி எழுதுவதுதான் அவன் வேலை. மடங்குகிற திரை மடிப்புக் கோடு தெரியாமல் வருமா, முன்பக்கக் கேமரா திரைக்கு அடியில் ஒளிந்துகொள்ளுமா, கீறல் விழுந்தால் தானாக ஆறிக்கொள்ளும் கண்ணாடி உண்மையா கதையா என்று பதினோரு வருஷமாக ஒரு செய்தித் தளத்துக்கு எழுதிக்கொண்டிருந்தான். ஃபோன் வாங்கப்போகிறவர் யார் யோசனை கேட்டாலும் அவன் வாயில் முதலில் வருவது, "கொஞ்சம் பொறுங்க, அடுத்த வருஷம் வர்றது நல்லாயிருக்கும்" என்பதுதான். பெயரை வைத்தவன் பக்கத்து மேஜைக்காரன். வீடியோக்களுக்கு முகப்புப் படம் செய்கிறவன், ஆகவே அவன் பெயர் தம்நெயில்.

"பொண்ணு பார்க்கப் போனப்பவும் இதையேதான் சொல்லியிருப்பே. அதான் இன்னும் தனியா டிபன் பாக்ஸைக் கழுவிட்டு இருக்கே" என்பான் தம்நெயில்.

அவன் எழுதும் ரகசியமெல்லாம் பெரிய ரகசியமில்லை. ஃபோன் மேல் ஒட்டும் டெம்பர் கிளாஸை மொத்தமாக விற்கிற ஒருவர் இருந்தார். புது ஃபோன் வருவதற்கு மூன்று மாதம் முன்பே அதன் நீள அகலமும் கேமரா ஓட்டை இருக்கும் இடமும் அவருக்கு வந்துவிடும். "நம்பத்தகுந்த வட்டாரங்கள்" என்று தட்டச்சு செய்யும்போதெல்லாம், காதில் பென்சில் செருகிக்கொண்டு அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்திருக்கும் அந்த மனிதர்தான் அவன் கண்முன் வருவார்.

இவ்வளவையும் வரி விடாமல் படித்த ஒரே ஆள் அவன் அக்கா. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நாளெல்லாம் மைக்ராஸ்கோப்பில் கண் வைத்திருக்கிறவள். புதுத் திரைகள் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது வருகிற திரைகளில் வெளிச்சத்தைக் குறைத்தால், உண்மையில் அது குறைவதில்லை. நொடிக்குச் சில நூறு முறை அணைந்து அணைந்து எரிகிறது. பெரும்பாலானவர்களுக்கு அது தெரியாது. அவளுக்குத் தெரிந்தது. கடையில் ஒவ்வொரு ஃபோனாக எடுத்து, வெளிச்சத்தைக் குறைத்து, இரண்டு நிமிஷம் உற்றுப் பார்ப்பாள். பிறகு கண்ணை மூடி நெற்றியைப் பிடித்துக்கொண்டு, "டேய், உள்ள கொசு பறக்குது" என்று திருப்பி வைத்துவிடுவாள்.

"பொறு அக்கா. மினுக்காத திரை அடுத்த வருஷம் வந்துடும்னு பேசிக்கிறாங்க."

"பேசிக்கிறது யாரு, நீதானே?"

அப்படியே மூன்று வருஷம் போயிற்று. அவளுடைய பழைய ஃபோனில் கொசு இல்லை. ஆனால் ஒருமுறை ஆய்வகத் தொட்டியில் விழுந்து எழுந்ததிலிருந்து, திரையின் அடியில் ஒரு விரல் அகலத்துக்குத் தொடுகை போய்விட்டது. அந்தப் பழைய மாடலுக்கு மாற்றுத் திரையும் கிடைக்கவில்லை. அவள் அதற்கெல்லாம் வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். கீழே இருக்கும் பொத்தானை அழுத்த வேண்டுமென்றால் ஃபோனைப் படுக்கவைப்பாள். படம் திரும்பிக்கொள்ளும், பொத்தான் வேறு இடத்துக்கு வந்துவிடும். தம்பிக்கு எழுதும்போது மட்டும் அந்தச் சிரமமும் படமாட்டாள். இடைவெளி விடும் பட்டை வேலை செய்யாததால் எல்லாச் சொல்லும் ஒட்டிக்கொண்டே வரும். 'சாயங்காலம்வாடாகுழம்புமிச்சமிருக்கு.' அவன் அதைப் பழகிய கையெழுத்தைப் படிப்பதுபோலப் படிப்பான்.

ஒன்றுக்கு மட்டும் வழி இல்லை. யாராவது அழைத்தால், எடுக்கும் பச்சை வட்டம் சரியாக அந்தச் செத்த பட்டையில் வந்து நிற்கும். ஃபோனை எப்படித் திருப்பினாலும் அந்தத் திரை திரும்பாது. அதனால் மணி அடித்து ஓயும்வரை காத்திருப்பாள். பிறகு அவளே அழைப்பாள். "ஸ்க்ரீன்டா" என்றுதான் பேச்சே ஆரம்பிக்கும்.

வீட்டில் எல்லோருக்கும் இது பழகிவிட்டது. அக்கா எடுக்கவில்லை என்றால் அக்கா இருக்கிறாள், கூப்பிடுவாள் என்று அர்த்தம்.

அன்று அவளுக்கு விடுமுறை நாள். பதினொன்று இருபதுக்கு அவன் அழைத்தான். டெம்பர் கிளாஸ்காரர் சொல்லியிருந்தார்: மினுக்காத திரை இந்த முறை நிச்சயம், பேனல் செய்கிற இடத்திலிருந்தே தகவல். எழுதி முடிப்பதற்கு முன் அவளிடம் சொல்ல நினைத்தான். எடுக்கவில்லை. பதினொன்று நாற்பதுக்கு மறுபடி. பன்னிரண்டு ஐந்துக்கு மறுபடி. தம்நெயில் எட்டிப் பார்த்து, "யாரு, அக்காவா? அஞ்சு நிமிஷத்துல வரும்" என்றான். அவனும் சிரித்துவிட்டுக் கட்டுரைக்குத் திரும்பினான். பன்னிரண்டரைக்கு அது வெளியாயிற்று. அந்த வருஷத்திலேயே அதிகம் பேர் படித்தது அதைத்தான்.

ஒன்றே காலுக்கு அத்தான் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனார். அக்கா சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவே கிடந்தாள். ஃபோன் சாப்பாட்டு மேஜை மேல் இருந்தது. இதயம் என்றார் மருத்துவர். எப்போது ஆரம்பித்தது, முன்பே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று யாரோ கேட்டதற்கு, அதை இப்போது யாராலும் சொல்ல முடியாது என்றார். சுவரோரம் நின்றுகொண்டு அவனும் அதைக் கேட்டான். மூன்று தடவை கூப்பிட்டதை அவன் சொல்லவில்லை. அன்று சொல்லவில்லை, மறுநாள் சொல்லவில்லை. அதன் பிறகு எதை வைத்து அந்தப் பேச்சை எடுப்பது என்றே தெரியவில்லை.

நான்காம் நாள் வேலைக்குப் போனான். அழுகை வரவில்லை. பசித்தது, தூக்கம் வந்தது, பேருந்தில் சில்லறை சரியாகக் கொடுத்தான். செய்தித் தளத்தின் ஆசிரியை மட்டும், "வேணும்னா இன்னும் ரெண்டு நாள் எடுத்துக்கோங்க" என்றார். "பரவாயில்ல மேடம்" என்று உட்கார்ந்து, மடங்கும் திரையைப் பற்றி அறுநூறு வார்த்தை எழுதினான். நன்றாகவே வந்திருந்தது. இரண்டு மாதம் அப்படியே ஓடிற்று. தம்நெயில் அவனை அடுத்த வருஷம் என்று கூப்பிடுவதை நிறுத்தியிருந்தான். அது நின்றது அவனுக்கு ஒரு வாரம் கழித்துத்தான் உறைத்தது.

ஒரு வெள்ளிக்கிழமை அத்தான், வேலை செய்யும் கட்டடத்துக் காவலாளியின் ஃபோனிலிருந்து அழைத்தார். அத்தான் லிஃப்ட் மெக்கானிக்.

"மாப்ளே, என் ஃபோன் லிஃப்ட் குழிக்குள்ள விழுந்துடுச்சு. எட்டு மாடி. எடுத்துப் பார்த்தா வாரிக்கொட்டத்தான் முடியும்."

"சிம் கிடைச்சுதா அத்தான்?"

"சிம் கிடைச்சுது. உன் நம்பர் மட்டும் மனப்பாடம், வேற நம்பர் ஒண்ணும் இல்ல. எல்லார் நம்பரும் உங்க அக்கா ஃபோன்லதான் இருக்கு. புதுசு ஒண்ணு எடுத்து மாத்திக் குடு. கடைக்காரன்கிட்ட அதைக் குடுக்க எனக்குப் பிடிக்கல. இப்ப வாங்கலாமா, பொறுக்கணுமா? உன்னைக் கேக்காம வாங்கினா அவ திட்டுவா."

அவன் வாய் திறந்தது. உண்மையில் பொறுக்கத்தான் வேண்டும். மினுக்காத திரை அடுத்த மாதம் வருகிறது என்று நேற்றுதான் தேதியோடு எழுதியிருந்தான்.

"வாங்கிடலாம் அத்தான்" என்றான்.

வைத்த பிறகுதான் அக்காவின் ஃபோன் நினைவுக்கு வந்தது. அந்த ஃபோனில் மூன்று வரி இருக்கிறது: பதினொன்று இருபது, பதினொன்று நாற்பது, பன்னிரண்டு ஐந்து. மூன்றுக்கும் எதிரே அவன் பெயர். அத்தான் அதைப் பார்த்திருப்பாரா? அத்தான் ஃபோனில் கூப்பிடுவதைத் தவிர வேறு எதையும் தொடமாட்டார். பார்த்திருந்தால் கேட்டிருப்பார். மாற்றுவதற்கு முன்னால் ஐந்து நிமிஷம் தனியாகக் கிடைத்தால் போதும், அழித்துவிடலாம். அப்புறம் அது எங்கேயும் இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை காலை, கடையில் இருந்த ஒரு சுமாரான ஃபோனை வாங்கிக்கொண்டு போனான். வீடு பெருக்கித் துடைத்திருந்தது. அக்காவின் மூக்குக்கண்ணாடி இன்னும் டிவி பக்கத்தில் மடித்தபடி இருந்தது. அத்தான் பழைய ஃபோனைத் துணியில் துடைத்து அவன் கையில் கொடுத்தார். சார்ஜ் நிறைந்திருந்தது.

"பூட்டு எண் அவ பிறந்த வருஷம். நீ பாரு. நான் டீ போடறேன்" என்று உள்ளே போனார்.

அவன் அதே சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பூட்டைத் திறந்தான். அழைப்புப் பட்டியலுக்குள் போனான். அந்தத் தேதிக்குப் பிறகு அழைத்தவர்கள் சிலர்: விஷயம் தெரியாத வங்கி, விஷயம் தெரியாத தோழி ஒருத்தி. கீழே தள்ளினான். அவனுடைய மூன்று வரிகள் வந்தன, சிவப்பில். மூன்றையும் தேர்ந்தெடுத்தான். அழிக்கும் பொத்தான் அடியில் வந்தது, செத்த பட்டையில். யோசிக்காமலே கை ஃபோனைப் படுக்கவைத்தது, அவள் செய்வதுபோல.

படம் திரும்பியபோது பட்டியல் கொஞ்சம் மேலே நகர்ந்தது. அவன் பெயருக்கு அடியில் இன்னும் இரண்டு சிவப்பு வரிகள். பத்து ஐம்பது. பதினொன்று ஐந்து. இரண்டுக்கும் எதிரே 'வீட்டுக்காரர்' என்றிருந்தது.

உள்ளே டீ கொதிக்கும் சத்தம் நின்றிருந்தது. எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. நிமிர்ந்தபோது அத்தான் இரண்டு டம்ளரோடு கதவருகே நின்றுகொண்டிருந்தார்.

"பாத்துட்டியா?"

"ம்."

அத்தான் டம்ளர்களை மேஜையில் வைத்தார். "தண்ணி மோட்டார் போட்டுட்டு வந்தேன், நிறுத்திட்டியான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன். எடுக்கல. சரி, ஸ்க்ரீன்னு விட்டுட்டேன். மறுபடி கூப்பிட்டேன். மறுபடியும் ஸ்க்ரீன்னு விட்டுட்டேன். அங்கேர்ந்து வீடு எவ்வளவு தூரம்? வண்டில பத்து நிமிஷம்."

"நானும் அப்படித்தான் அத்தான் நினைச்சேன்."

"தெரியும். மூணு தடவை. மறுநாளே பாத்தேன்." நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "இவன் ஏன் வாயே திறக்கலன்னு கொஞ்ச நாள் கோவமா இருந்துது. அப்புறம், நான் திறந்தேனான்னு நினைச்சுக்கிட்டேன். என் ஃபோன் குழில விழுந்ததும் ஒரு நிமிஷம் நிம்மதியாக்கூட இருந்துது, மாப்ளே. என் பக்கம் இருந்தது போச்சேன்னு. அதுக்கப்புறம் இதைத் தனியா வெச்சுக்க முடியல. வாயால சொல்லவும் வரல. அதான் உன் கையில குடுத்தேன்."

"நான் அழிக்கத்தான் திறந்தேன் அத்தான்."

"ம். நானும் ரெண்டு தடவை திறந்தேன். எனக்கு அழிக்கத் தெரியல. அவ எப்படித் திருப்புவான்னு மறந்துபோச்சு."

இரண்டு பேரும் டீ குடித்தார்கள். சர்க்கரை போட அத்தான் மறந்திருந்தார்.

பிறகு அவன் தேர்வை நீக்கிவிட்டு, இரண்டு ஃபோன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாற்றும் வேலையை ஆரம்பித்தான். எதையெல்லாம் கொண்டுபோக வேண்டும் என்று கேட்டு ஒரு பட்டியல் வந்தது. எண்கள், படங்கள், செய்திகள். கடைசியில் அழைப்புப் பதிவு, அதன் எதிரே காலியாக ஒரு கட்டம்.

"அத்தான், கூப்பிட்டதெல்லாமும் வரணுமா? வேண்டாம்னா விட்டுடலாம்."

அத்தான் எட்டிப் பார்த்தார்.

"வரட்டும்" என்றார்.

அவன் கட்டத்தைத் தொட்டு, ஃபோனைத் திருப்பி, 'தொடர்க' என்பதை அழுத்தினான். பதினோரு நிமிஷம் ஆகும் என்றது.

முடிந்ததும் அத்தான் புது ஃபோனைக் கையில் எடுத்தார். வெளிச்சத்தைக் குறைப்பது எப்படி என்று கேட்டார். அவன் காட்டிக் கொடுத்தான். அத்தான் எழுந்து ஜன்னல் திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு வந்து, மங்கிய திரையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு உற்றுப் பார்த்தார். ஒரு நிமிஷம் ஆயிற்று, இரண்டு நிமிஷம் ஆயிற்று.

"எங்கடா பறக்குது?"

அவனும் குனிந்து பார்த்தான். வெளிச்சம் அசையாமல் இருந்தது.

"எனக்குத் தெரியல அத்தான்."

"எனக்கும் தெரியல" என்றார் அத்தான். இருந்தாலும் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.