கேசட்டில் வந்த மகன்

நேற்று மத்தியானம் ஷார்ஜாவிலிருந்து என் மகன் வீடியோவில் வந்தான். செல்போன் முழுக்க அவன் மூக்குதான் தெரிந்தது. "மாத்திரை போட்டீங்களாம்மா?" என்றான். "போட்டாச்சுப்பா" என்றேன். மாத்திரை மேசையில் அப்படியே கிடந்தது. என் மாமியாருக்கு இப்படிப் பொய் சொல்லும் வசதி இருந்ததில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் லப்பைக்குடிக்காட்டு வீட்டில் மாமி, நான், கைக்குழந்தையாக இந்த மூக்குக்காரன், மூன்றே பேர். பக்கவாதம் வந்து மாமி கட்டிலோடு கிடந்தார். என் வீட்டுக்காரர் சவூதியில்; மச்சான் என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். ஊருக்கு வருகிறவர்களிடம் கேசட்டில் பேசிக் கொடுத்தனுப்புவார். பாதி அதட்டல்தான். "அம்மா, மாத்திரை போட்டீங்களா? மருமவ குடுத்தா வாயத் தொறங்க!" மத்தியானம் பள்ளிவாசலில் லுஹர் தொழுகைக்கு பாங்கு சொன்னதும் அந்தக் கேசட்டைப் போடுவேன். மகன் குரல் கேட்டால்தான் மாமி வாய் திறப்பார். இல்லையென்றால் பெரம்பலூர் டாக்டரே வந்து நின்றாலும் உதட்டை இறுக்கிக்கொள்வார்.

ஒருநாள் பதில் பேசி அனுப்ப, வெறும் கேசட் என்று நினைத்து அவர் பேசிய கேசட்டையே எடுத்துவிட்டேன். கேசட் மேல் எழுதி வைக்கும் நல்ல பழக்கமெல்லாம் எனக்கு ஏது? பதிவாகியிருக்கிறதா என்று ஓட்டிப் பார்த்தால், மச்சான் குரல் இருந்த இடத்தில் ஆடு குட்டி போட்ட கதையை நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மாத்திரை நின்றால் இன்னொரு தடவை இழுத்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அடுத்த கேசட் வர இரண்டு மாதமாவது ஆகும்.

அப்புறம் செய்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். கேசட் போடாமலே டேப்ரிக்கார்டர் பட்டனைச் சும்மா அழுத்திவிட்டு, கதவுத் துணிக்குப் பின்னால் போய் நின்று, முந்தானையால் வாயைப் பொத்தி ஆம்பளைக் குரலில் கேட்டேன். "அம்மா, மாத்திரை போட்டீங்களா?"

மாமி கதவையே பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார். ஓடிப்போய் மாத்திரையை வைத்தேன்.

"அவனுக்குத் தொண்ட கட்டியிருக்கு போல" என்றார்.

தினமும் அப்படியே ஓடியது. இரண்டு மாதம் கழித்து நிஜக் கேசட் வந்தது. ஆசையாகப் போட்டேன். மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அத நிறுத்து புள்ள. நீ பேசுற மவன்தான் அதட்டாம பேசுறான்."

அடுப்படிக்குப் போய் அழுதேன். அதன்பின் மூன்று வருடம், மாமி மவுத்தாகும் வரை, கதவுக்குப் பின்னால் நின்றுதான் கேட்டேன்.

இப்போது டேப்ரிக்கார்டரும் இல்லை, மச்சானும் இல்லை. நேற்று மகன் போனை வைத்தபின் வீடு கம்மென்றிருந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "அம்மா, மாத்திரை போட்டீங்களா?" என்று எனக்கு நானே கேட்டேன். குரல் அப்படியேதான் இருந்தது. மாத்திரையைப் போட்டுக்கொண்டேன்.