சிவப்பு மண் ஒட்டிய சப்பாத்து

லண்டன் ஸ்ட்ரெதத்தில் அக்கா வீட்டின் கதவடியில் கிடந்த அத்தானின் சப்பாத்தில் ஒட்டியிருந்த சிவப்பு மண்ணைத்தான் நான் முதலில் சந்தேகப்பட்டேன். அத்தான் என் அக்காவின் கணவர். வருடத்தில் ஒரு கிழமை, ஏழு நாளும் தனியாக, அமெரிக்கப் பாலைவனப் பள்ளத்தாக்குகளில் நடக்கப் போவார். எங்கள் ஆட்கள் கனடாவுக்குப் போவார்கள், பாரிஸுக்குப் போவார்கள். அங்கே சோறு போட ஒரு சித்தியாவது இருப்பாள். சொந்தம் என்று ஒருவருமே இல்லாத இடத்துக்கு ஒருவர் லீவு எடுத்துப் போகிறார் என்றால் அதில் ஏதோ இருக்கிறது. நானோ விமான நிலையத்தில் பெட்டி சோதிக்கிறவன். அந்த மண்ணைச் சுரண்டியும் பார்த்தேன்.

"அங்கை அவருக்கு ஆரோ இருக்கினம்," என்றாள் அக்கா. அவள் அழவில்லை. தாலிக்கொடியைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்திருந்தாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "இந்தமுறை நீயும் கூடப் போய்ப் பார்."

நானும் வாறன் என்றபோது அத்தான் கட்டி முடித்த சப்பாத்து நாடாவை அவிழ்த்துத் திரும்பவும் கட்டினார். பிறகு, "ஓம், வாரும்," என்றார். அவிழ்த்துக் கட்டியதையும் மனதில் குறித்துக்கொண்டேன்.

கைகளை விரித்தால் இரண்டு பக்கப் பாறையும் தொடுபடும் இடுக்குகளில், முழங்காலளவு குளிர்ந்த தண்ணீரில், அவருக்குப் பின்னால் நடந்தேன். மேலே ஒரு முழ அகலத்தில் வானம். மத்தியான வெயிலில் பாறை மிளகாய்த்தூள் நிறத்துக்கு வரும். ரசிக்க எனக்கு எங்கே நேரம்? பின்னேரங்களில் அவர் குளிக்கப் போனதும் முதுகுப்பையைச் சோதித்தேன்: தண்ணீர்ப் போத்தல், பேரீச்சம்பழம், காலுறை. எதிரே வருகிறவர்களுக்கு அவர் தலையசைப்பார். அவர்களும் அசைத்துவிட்டுப் போய்விடுவார்கள். லண்டன் கலியாண வீடுகளில் மூலை பார்த்து ஒதுங்கும் மனிதர் அங்கே சீழ்க்கை அடித்துக்கொண்டு நடந்தார். அதுவும் எனக்கு நல்லதாகப் படவில்லை.

நான்காம் நாள், பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும் விளிம்பில் நின்றபோது, பின்னால் ஒரு பெண்குரல் தமிழில் பேசுவது கேட்டது. ஆள் அகப்பட்டுவிட்டார் என்று நினைத்தேன். அவளருகில் புருஷன் நின்றதைக் கவனிக்கக்கூடப் பொறுமை இல்லாமல் நேரே போய், "நீங்கள் எந்த ஊர்?" என்று கேட்டேன். டொரண்டோவிலிருந்து சுற்றிப் பார்க்க வந்தவர்கள். அவள் திருப்பிக் கேட்டாள். என் ஊரைச் சொன்னதோடு நிற்காமல் அத்தானின் ஊரையும் சொன்னேன். அவள் அவரை உற்றுப் பார்த்தாள்.

"நீங்கள் அந்தக் காணாமல்போன பெடியன்ரை அண்ணையெல்லோ? தம்பியைப் பற்றி ஏதும் தகவல் வந்ததோ?"

"இல்லை," என்றார் அத்தான்.

இந்த ஒரு சொல்லை அவர் எத்தனை கலியாண வீடுகளில் சொல்லியிருப்பார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெட்கத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் கோபிக்கவில்லை. குனிந்து சப்பாத்து நாடாவை இறுக்கியபடி, "இங்கை மட்டுந்தான் ஒருத்தரும் கேக்காமல் இருந்தவை," என்றார்.

நாங்கள் லண்டன் திரும்பியதும் அக்கா தாலிக்கொடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். அத்தான் அதற்குப் பிறகு அங்கே போகவில்லை. போன கிழமை அக்கா அந்தச் சப்பாத்தைக் கழுவ எடுத்தாள். "மண் இருக்கட்டும்," என்று அவர் அதை வாங்கித் திரும்பவும் கதவடியில் வைத்தார். அக்கா என்னைக் குசினிக்குள் இழுத்தாள்.

"நீ வடிவாப் பாத்தனியோ? அங்கை ஒருத்தரும் இல்லையோ?"

"நான் போகும்வரைக்கும் ஒருத்தரும் இல்லை, அக்கா," என்றேன்.