ஜெஸ்லியா டீச்சரின் இடது கை

மன்னார் எருக்கலம்பிட்டி முன்பள்ளியில் அன்று பிள்ளைகளுக்கு இலைக்கஞ்சி. ஜெஸ்லியா டீச்சர் பானையை இடது கையால் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு, வலது கையிலிருந்த அகப்பையால் கோப்பைகளை நிரப்பிக்கொண்டிருந்தாள். முன்வரிசையிலிருந்த ஒரு சிறுமிதான் கூப்பிட்டுச் சொன்னாள்.

"டீச்சர், உங்கட விரல் பொங்கியிருக்கு!"

சுண்டுவிரல் துணியை விட்டு வெளியே நீட்டி, கொதிக்கும் பானையோடு ஒட்டிக் கிடந்தது. தோல் வெளிறிக் கொப்புளித்திருந்தது. அவளுக்கு எதுவும் தெரியவில்லை. எரியவில்லை, வலிக்கவில்லை. அவளைப் பயப்படுத்தியது அதுதான்.

ஒன்றிரண்டு மாதங்களாகவே அந்த விரலும் பக்கத்து விரலில் பாதியும் விறைத்து விறைத்துப் போயின. கையை உதறினால் சரியாகும். போதாக்குறைக்கு, போன கிழமைதான் சுகாதாரப் பரிசோதகர் வந்து சுவரில் ஒரு சுவரொட்டி ஒட்டிவிட்டுப் போயிருந்தார். 'உணர்ச்சியில்லையா? தொழுநோயாக இருக்கலாம். உடனே காட்டுங்கள்.' கொப்புளத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு அவள் அதை மறுபடி வாசித்தாள். அதற்குப் பிறகு எந்தப் பிள்ளையின் கையையும் பிடிக்கவில்லை.

புத்தளம் அகதி முகாமில் பிறந்து, கலியாணம் முடித்து இந்த ஊருக்கு வந்தவள் ஜெஸ்லியா. கணவன் நஸார் கத்தாரில் லொறி ஓட்டினான். வீட்டில் மூன்று வயது மகள் இர்ஷானாவும் நஸாரின் தங்கை நுஹாவும்தான். ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் தாய்மார் அவளை நம்பி விட்டுவிட்டுப் போகிறார்கள். இப்படி ஒரு செய்தி வெளியே போனால்?

அவள் காய்ச்சல் என்று சொல்லி வீட்டில் நின்றுவிட்டாள். கதவைப் பூட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் உடம்பெல்லாம் தேடினாள். முதுகில் ஏதோ வெளிறல் தெரிவதுபோல் இருக்கும். வெளிச்சத்தில் பார்த்தால் ஒன்றும் இராது. ஊசியால் விரலைக் குத்திப் பார்த்தாள். இரத்தம் வந்தது, வலி வரவில்லை. தன் கோப்பையையும் தலையணையையும் ஒதுக்கி வைத்தாள். மகள் மடியில் ஏற வந்தால் ஏதாவது சாட்டுச் சொல்லி எழும்பிப் போனாள். கத்தாரிலிருந்து நஸார் கோல் எடுத்தபோது, "ஒண்டுமில்ல, தலையிடி" என்றாள்.

ஒரு நாள் பின்னேரம் இர்ஷானா ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஜெஸ்லியா பதறிப்போய்த் தள்ளிவிட்டாள். பிள்ளை சீமெந்துத் தரையில் விழுந்து வீரிட்டது. குசினியில் சமைத்துக்கொண்டிருந்த நுஹா ஓடிவந்தாள்.

"என்ன மச்சி இது? பெத்த பிள்ளையத் தள்ளுறீங்க! உங்களுக்கு என்ன நடந்த?"

ஜெஸ்லியா அழுதுகொண்டே கையை நீட்டினாள். சுவரொட்டியைப் பற்றியும் சொன்னாள். நுஹாவின் கால் ஓர் அடி பின்னால் போனது. இரண்டு பேருமே அதைக் கண்டார்கள். பிறகு நுஹா கிட்ட வந்து, அந்தப் புண் கையையே இறுக்கிப் பிடித்தாள்.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறம். யாருக்கும் சொல்லத் தேவையில்ல."

மன்னார் ஆஸ்பத்திரியில் வரிசையாகக் கிடந்த வாங்கு ஒன்றில் ஜெஸ்லியா முகத்தைத் தாழ்த்தியபடியே இருந்தாள். தெரிந்த யாராவது வந்துவிடுவார்களோ என்று ஒவ்வொரு செருப்புச் சத்தத்துக்கும் முக்காட்டை இன்னும் இழுத்துவிட்டாள். உள்ளே டொக்டர் ஜெயகௌரி அவளுடைய தோலைக் கவனமாகப் பார்த்தார். பஞ்சால் விரல்களைத் தொட்டுத் தொட்டுக் கேட்டார். ஒரு கடதாசியைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் கொடுத்து இழுத்தார். வலது கை விடவில்லை. இடது கையிலிருந்து அது வழுக்கி வந்தது. பிறகு முழங்கையின் உட்பக்கம் விரலால் மெல்லத் தட்டினார். சுண்டுவிரல் நுனிவரை மின்சாரம் பாய்ந்ததுபோல் ஜெஸ்லியா துள்ளினாள்.

"எப்பிடிப் படுப்பீங்கள்?"

நுஹா முந்திக்கொண்டாள். "முழங்கைய ஊண்டி, தலையக் கையில வெச்சுத்தான் பிள்ளைய நித்திரையாக்குவாங்க. பிறகு அதே கையால போனப் புடிச்சு நஸார் நானாவோட கதை. கை மடிஞ்சபடியேதான் கிடக்கும். இப்ப தொழுநோய் எண்டு பயந்து பிள்ளையக் கிட்ட எடுக்கிறதே இல்ல."

டொக்டர் சிரித்தார். "முழங்கையில நாங்கள் இடிச்சா விண்ணெண்டு ஒரு கூச்சம் வருமே, அந்த நரம்புதான். அது அங்க ஒரு ஒடுக்கத்துக்குள்ளால போகுது. கையை ஊண்டினாலும், கனநேரம் மடிச்சு வைச்சாலும் நசியும். எனக்கு இது தொழுநோய் மாதிரித் தெரியேல்லை. ஆனாலும் தோல் கிளினிக்கில ஒருக்காக் காட்டுவம். அப்பிடி இருந்தாலும் குளிசை இருக்கு, சுகமாகும். அதுக்காகப் பிள்ளையைத் தள்ளி வைக்காதேங்கோ."

பெருவிரலுக்குப் பக்கத்துத் தசை வற்றத் தொடங்கியிருந்ததுதான் டொக்டருக்குப் பிடிக்கவில்லை. யாழ்ப்பாணத்துக்கு நரம்புப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். அதுவரை இரவில் முழங்கை மடியாதபடி துவாயைச் சுற்றிக் கட்டச் சொன்னார்.

தோல் கிளினிக்கில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆனாலும் யாழ்ப்பாணத்துத் தவணை வரும்வரை ஜெஸ்லியாவின் பயம் முழுதாகப் போகவில்லை. துவாய் கட்டிய கையோடு விழித்துக் கிடந்து யோசிப்பாள். அவர்கள் பிழையாகப் பார்த்திருந்தால்? கடைசியில் அந்தப் பரிசோதனையில், நரம்பில் விட்ட மின்சாரம் முழங்கையடியில் தயங்கித் தயங்கித்தான் போனது. நசிவு அங்கேதான் என்பது உறுதியானது. சத்திரசிகிச்சை செய்து நரம்பை விடுவிக்க வேண்டும் என்றார்கள்.

"பிறகு கை வேலைசெய்யாமப் போனா?" என்று அவள் கேட்டாள்.

"இப்பிடியே விட்டாத்தான் பிடிமானம் இன்னும் குறையும், தங்கச்சி. பிந்தி வந்திருந்தீங்களெண்டா நானும் பயந்திருப்பன்," என்றார் அங்கிருந்த சத்திரசிகிச்சை நிபுணர்.

சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது. முதல் நாட்களில் கை வீங்கிக் கனத்தது. அதுவும் ஒரு புதுப் பயம். பிறகு விறைப்பு மெல்ல மெல்ல விட்டது. சொல்லிக் கொடுத்த பயிற்சியைத் தினமும் செய்தாள். முன்பள்ளிக்குத் திரும்பிய அன்று, தாய்மார் கேட்க முதலே நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். ஒருத்தியும் பிள்ளையை நிறுத்தவில்லை.

இப்போது நஸாரின் கோல் வந்தால் போன் மேசையில் கிடக்கும், ஸ்பீக்கரில். நுஹா குசினியிலிருந்தே பதில் சொல்வாள். "மனிசியோட ஒரு கதை கதைக்க ஏலாம இருக்கு," என்று அவன் புறுபுறுப்பான்.

சிறிய பொத்தான்களை அவளால் மறுபடியும் பூட்ட முடிகிறது. சுண்டுவிரல் நுனியில் மட்டும் உணர்ச்சி இன்னும் சரியாக வரவில்லை. நரம்பு வளரக் காலம் எடுக்கும் என்றுதான் டொக்டர் சொல்லியிருக்கிறார். ஆனாலும் காலையில் எழும்பியதும் அந்த நுனியைத் தொட்டுப் பார்க்காமல் அவளால் இருக்க முடிவதில்லை.