கேசினோ வாசலில் முருங்கைக்காய்

சென்ற ஆண்டு செப்டம்பர் பள்ளி விடுமுறையின் கடைசி வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு, நானும் என் கணவரும் சிங்கப்பூர்க் கடலோரத்தில் உள்ள ஒரு கேசினோ விடுதியில் அறைச் சாவி வாங்கினோம். புக்கிட் பாஞ்சாங்கில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து ரயில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் வந்துவிடலாம். அவ்வளவு பக்கத்தில் இருக்கும் இடத்துக்குப் பெட்டி கட்டிக்கொண்டு போனது எனக்கே சிரிப்பாக இருந்தது.

நிமிடம்வரை எப்படித் தெரியும் என்று கேட்கலாம். கல்யாணமான நாளிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன். பள்ளி அலுவலகத்தில் எழுத்தர் வேலை. தேதியும் நேரமும் போடாமல் எனக்கு எதையும் எழுத வராது. வாஷிங் மெஷின் எந்த மாதம் வாங்கினோம் என்று வீட்டில் வாக்குவாதம் வந்தால், தீர்ப்புக்கு என் நோட்டுப் புத்தகத்திடம்தான் வருவார்கள்.

பயணம் மகளின் ஏற்பாடு. முதல் வேலை, முதல் போனஸ்.

"ம்மா, டுவென்டி ஃபிஃப்த் அனிவர்சரிலா! நீங்க ரெண்டு பேரும் தனியா எங்கயுமே போனதில்ல. டூ நைட்ஸ், பிரேக்ஃபாஸ்டோட புக் பண்ணிட்டேன். ரிஃபண்ட் கிடையாது, சொல்லிட்டேன்."

எங்களுக்குக் கல்யாண நாள் இரண்டு. பதிவுத் திருமணம் நடந்த நாள் ஒன்று, ஐந்து மாதம் கழித்துக் கோயிலில் தாலி கட்டிய நாள் ஒன்று. மகள் சான்றிதழைப் பார்த்து முதல் தேதியை எடுத்துக்கொண்டாள். வேறு நேரமாக இருந்தால் அதைத் திருத்தியிருப்பேன். அன்று வாயைத் திறக்கவில்லை. கணவரும் திறக்கவில்லை. அவள் புக் செய்திருந்த இடம் அப்படி.

அவளுக்குத் தெரியாத கதை ஒன்று உண்டு. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், அவள் தொடக்கப்பள்ளியில் படித்தபோது, அவளுடைய அப்பா வேலை முடிந்ததும் கேசினோவுக்குச் சூதாடப் போய்க்கொண்டிருந்தார். ஒன்றரை ஆண்டு. சேமிப்பு போனது, என் நகையில் பாதி போனது. பிறகு ஒரு நாள் அவராகவே, தன்னை உள்ளே விடக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். இங்கே அப்படி ஒரு வழி இருக்கிறது. பெயரைப் பதிந்துவிட்டால், வாசலில் அடையாள அட்டையைப் பார்த்ததுமே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆனால் பின்னால் மனு போட்டு அந்தத் தடையை நீக்கிக்கொள்ளவும் முடியும்.

அன்று நான் அவரிடம் ஒன்றே ஒன்று சொன்னேன். "இனிமே அந்தப் பேச்சே இந்த வீட்ல வரக் கூடாது." வரவில்லை. ஆனால் நான் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சம்பளச் சீட்டு, சட்டைப்பை, முகம். ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை லிட்டில் இந்தியாவுக்குக் காய்கறி வாங்கப் போவார். "அங்கதான் ஃப்ரெஷ்ஷா இருக்கும்" என்பார். "காய்கறி. போனது 2.15, வந்தது 6.05" என்று எழுதி வைப்பேன். காய்கறிக்கு நான்கு மணி நேரமா என்று மனம் கேட்கும். கத்திரிக்காயும் கீரையுமாகப் பை நிறைந்திருக்கும்; நான் கேட்காமல் விட்டுவிடுவேன்.

வெள்ளிக்கிழமை நன்றாகவே போனது. அறை உயரத்தில் இருந்தது. ஜன்னல் முழுக்கக் கடல், அதில் வரிசையாகக் கப்பல்கள். மாலையில் தண்ணீரை ஒட்டி வெகுதூரம் நடந்தோம். அவர் என் கைப்பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். இருபத்தைந்து ஆண்டில் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை என்று எழுதி வைத்தேன்.

சனிக்கிழமை காலை உணவின்போதுதான் எனக்குச் சந்தேகம் ஆரம்பித்தது. மகள் எனக்கு மசாஜும் ஏற்பாடு செய்திருந்தாள். "உனக்கு மசாஜ் எத்தன மணிக்கு?" என்று கேட்டார். இரண்டரைக்கு என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "எவ்வளவு நேரம் ஆகும்?" பிறகு காப்பி குடிக்கும்போது, "அப்புறம் நீச்சலும் போவல்ல? மெதுவா வா, அவசரமில்ல."

நீச்சல் குளத்தில் விடுமுறைக் கூட்டம். கால் வைக்க இடமில்லை. மூன்றே முக்காலுக்கே அறைக்குத் திரும்பிவிட்டேன். அவர் இல்லை. கைப்பேசி சார்ஜரில் கிடந்தது. பர்ஸைக் காணோம்.

பதினைந்து நிமிடம் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். தடையை எப்போது நீக்கினார், எனக்குத் தெரியாமல் எந்தச் சனிக்கிழமை போனார் என்று மனம் தேதிகளைப் புரட்டியது. பிறகு லிஃப்டில் இறங்கினேன்.

கேசினோ வாசலில் நின்ற காவலர் ஒரு தமிழ்ப் பெண். என் மகளைவிடப் பத்து வயது கூட இருக்கும்.

"தங்கச்சி, என் வீட்டுக்காரர் உள்ள இருக்காரான்னு பாத்துச் சொல்ல முடியுமா?"

"சாரிக்கா, அதெல்லாம் சொல்லக் கூடாது, ரூல்ஸ்லா. நீங்க சிங்கப்பூரியனா? உள்ள போகணும்னா லெவி கட்டணும்க்கா. நூத்தம்பது வெள்ளி."

வெளிநாட்டவர் கடவுச்சீட்டைக் காட்டிவிட்டு உள்ளே போகலாம். நம் ஊர்க்காரர்களை யோசிக்க வைக்கத்தான் இந்த நூற்றைம்பது டாலர் நுழைவு வரி. நான் யோசிக்கவில்லை, கட்டிவிட்டேன்.

உள்ளே போனதும் முதலில் வந்தது ஏமாற்றம். மனத்தில் நான் கட்டி வைத்திருந்த நரகம் அங்கே இல்லை. நல்ல குளிர், மெத்தென்ற கம்பளம், தங்க நிற விளக்குகள். என் வயதுச் சீன அம்மாக்கள் முதுகுக்குச் சின்ன தலையணை வைத்துக்கொண்டு இயந்திரங்களின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு மேசையாகத் தேடினேன். வழுக்கைத் தலை தெரிந்த இடத்திலெல்லாம் சுற்றிப் போய் முகத்தைப் பார்த்தேன். ஓரிடத்தில் பட்டுப் புடவை கட்டிய, சென்னையிலிருந்து வந்த ஓர் அம்மா என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"தமிழா? யாரத் தேடுறீங்க?"

"வீட்டுக்காரர."

"நான் தேடவே மாட்டேன். எங்காளு அந்தத் தூணுக்குப் பின்னாடி இருக்காரு. அம்பது டாலருக்கு மேல போகமாட்டேன்னு என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணாரு. என் தலை இப்ப வரைக்கும் நல்லாத்தான் இருக்கு!" என்று சிரித்தார். "காப்பி, டீ எல்லாம் ஃப்ரீங்க. எடுத்துக்கோங்க."

இரண்டு சுற்று முடித்தேன். அவர் எங்கும் இல்லை. கட்டிய காசுக்கு ஒரு மைலோவாவது குடித்துவிட்டுப் போவோம் என்று எடுத்துக்கொண்டு ஒரு ரூலெட் மேசைக்குப் பின்னால் நின்றேன். எண்கள் போட்ட சக்கரம் சுழன்றது, பந்து ஓடியது. மனசுக்குள் சும்மா பதினேழு என்றேன். மகள் பிறந்த தேதி.

பதினேழில் விழுந்தது.

உச்சந்தலையில் ஜிவ்வென்று ஏறியது. நான் ஒரு வெள்ளிகூட வைக்கவில்லை. ஆனாலும் யாரோ என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு மேடையேற்றியதுபோல இருந்தது. அடுத்தது ஐந்து என்றேன், இல்லை. இருபத்திரண்டு, இல்லை. கல்யாணத் தேதி, இல்லை. பக்கத்து எண்ணில் விழுந்தபோது, "சே, கிட்ட வந்துடுச்சே" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். கடிகாரத்தைப் பார்த்தபோது ஐந்து இருபத்தைந்து. நாற்பது நிமிடம் அங்கேயே நின்றிருக்கிறேன். யாரைத் தேடி வந்தேன் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

வெளியே வந்தேன். நடைபாதைக்கு எதிர்ப்புறம், ரயில் நிலையத்திலிருந்து படியேறி என் கணவர் வந்துகொண்டிருந்தார். கையில் சிவப்பு பிளாஸ்டிக் பை. பையிலிருந்து முழ நீளத்துக்கு முருங்கைக்காய்கள் நீட்டிக்கொண்டிருந்தன. கைப்பைகளும் வாசனைத் திரவியமும் விற்கும் அந்தப் பளிங்குத் தளத்தில், சுற்றுலாப் பயணிகள் அவருக்கு வழிவிட்டு நடந்தார்கள்.

என்னைப் பார்த்தார். நான் வெளியே வந்த வாசலைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"நீ எங்கேருந்து வர்ற?"

"அது இருக்கட்டும். கையில என்னங்க?"

"முருங்கக்கா."

"ஹோட்டல்ல சமைக்கவா போறோம்?"

பையைப் பார்த்தார், அப்போதுதான் அது கையில் இருப்பதே தெரிந்ததுபோல. "சனிக்கெழமையாச்சே... பழக்கத்துல வாங்கிட்டேன்."

வெளியே தண்ணீர் ஓரமாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். அவராகவே ஆரம்பித்தார். லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் ஒரு மாடி அறை இருக்கிறதாம். சூதாட்டத்தை விட்டவர்கள் எட்டுப் பத்துப் பேர் அங்கே கூடுகிறார்கள். ஒரு சீனப் பேருந்து ஓட்டுநர், ஓய்வுபெற்ற ஒரு மலாய் ஆசிரியை, கப்பல் பட்டறையில் வேலை செய்யும் தஞ்சாவூர்க்காரர் ஒருவர். இந்த இரண்டு வாரம் எப்படிப் போனது என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். எழுதிக் கொடுத்துவிட்டு வந்த மாதத்திலிருந்து, பன்னிரண்டு ஆண்டுகளாக அவர் அங்கே போய்க்கொண்டிருக்கிறார். திரும்பும்போது காய்கறி வாங்குவார்.

"என்கிட்ட ஏங்க சொல்லல?"

"அந்தப் பேச்சே வீட்ல வரக் கூடாதுன்னு நீதான சொன்ன." குரலில் குற்றம் சாட்டும் தொனி இல்லை, நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். "நேத்துலேருந்து லிஃப்ட்ல ஏறினா எறங்கினா கை வேர்க்குது. கீழ போற ஆளுங்க எல்லாம் அங்கதான் போறாங்கன்னு தெரியுது. இன்னிக்குப் போகாம இருந்தா சரிப்படாதுன்னு தோணுச்சு. நீ வர்றதுக்குள்ள வந்துடலாம்னு பாத்தேன்."

"அப்ப இங்க வரவே வேணாம்னு சொல்லியிருக்கலாமே?"

"புள்ள ஆசையா புக் பண்ணிருச்சு. என்னன்னு சொல்றது?"

அதன் பிறகு நானும் மறைக்கவில்லை. அவரைத் தேடித்தான் உள்ளே போனேன் என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பன்னிரண்டு ஆண்டு அவர் கட்டிக் காத்ததை நான் ஒரு மத்தியானத்தில் நம்பாமல் போனேன் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே உட்கார்ந்திருந்தது. மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அவர் மெதுவாகத் தலையைத் தூக்கினார்.

"லெவி கட்டியா?"

"கட்டினேன்."

"முழுசா நூத்தம்பதா?"

"அதுல தள்ளுபடி வேற தருவாங்களா?"

"அடிப்பாவி! ஒரு வருஷத்துக்கு முருங்கக்கா வாங்கலாமேடி!" என்று அவர் சிரித்த சிரிப்பில், பக்கத்துப் பெஞ்சில் படமெடுத்துக்கொண்டிருந்த வெளிநாட்டு ஜோடி திரும்பிப் பார்த்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. சிரிப்போடு சேர்ந்து கண்ணீரும் வந்தது.

பதினேழைப் பற்றிச் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது.

"காசு வெச்சியா?"

"இல்ல. சும்மா மனசுல நெனச்சேன். ஆனா நாப்பது நிமிஷம் நகர முடியலங்க. உங்களத் தேடி வந்ததே மறந்துபோச்சு."

"அதான்," என்றார். "அதேதான்." அந்த ஒன்றரை ஆண்டில் அவருக்கு என்ன ஆனது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அன்று அவர் சொல்லாமலே கொஞ்சம் விளங்கியது.

முருங்கைக்காயை அறையின் குட்டிக் குளிர்பெட்டியில் நுழைக்க முடியவில்லை. உடைத்து, சோடா புட்டிகளுக்கு நடுவே செருகினோம். ஏழு மணிக்கு மகள் அழைத்தாள்.

"ம்மா, என்ஜாய் பண்றீங்களா? அப்பா என்ன பண்றாரு?"

"முருங்கக்கா உடைக்கிறாரு."

"வாட்?"

அவளிடம் எப்போது, எப்படிச் சொல்வது என்று அன்றிரவு சாப்பிடும்போது சேர்ந்து யோசித்தோம். அவர்தான் சொல்ல வேண்டும், நான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று முடிவானது. மறு வாரம் சொன்னார். அவள் அழுதாள், பிறகு, "இது தெரியாம அங்க போய் புக் பண்ணிட்டேனேப்பா!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஞாயிறு காலை அறையைக் காலி செய்யும்வரை நாங்கள் சந்தோஷமாகத்தான் இருந்தோம் என்று அவளை நம்ப வைக்கவே ஒரு மணி நேரம் ஆனது. உண்மையும் அதுதான். எங்கள் கல்யாண வாழ்க்கையில் நாங்கள் அதிகம் பேசிக்கொண்ட ஒரு ராத்திரி உண்டென்றால், கப்பல் விளக்குகளைப் பார்த்தபடி கழிந்த அந்த ராத்திரிதான்.

இப்போதெல்லாம் அவர் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்தால், எப்படி இருந்தது என்று கேட்கிறேன். பல நாள் "ஒண்ணுமில்ல, நல்லாருந்துச்சு" என்பார். சில நாள் செருப்பைக் கழற்றும்போதே, "இந்த வாரம் கொஞ்சம் கஷ்டமா இருந்துச்சு" என்பார். முன்பு கேட்டிருந்தால் என்னைத் தூங்கவிடாமல் செய்திருக்கும் அந்த வார்த்தையை இப்போது கேட்கும்போது, பயத்துக்குப் பதிலாக எனக்கு நிம்மதி வருகிறது, ஏனென்றால் அதை அவர் என்னிடம் சொல்கிறார்.