மூன்று மொட்டையும் ஒரு கட்டியும்

என் வீட்டுக்காரர் முடிதிருத்துபவர். முப்பது வருஷமாக ஊரார் தலையெல்லாம் அவர் கையில்தான். "தலையைத் தொட்டா போதும், கண்ணை மூடிக்கிட்டே ஆளு யாருன்னு சொல்லிடுவேன்" என்று பீற்றிக்கொள்வார். அப்பேர்ப்பட்டவரின் தலையில், வலது காதுக்கு மேலே கோலிக்குண்டு அளவுக்கு ஒரு புடைப்பு எழும்பியிருந்ததை நான் துவட்டிவிட்டபோதுதான் கண்டுபிடித்தேன்.

"அறிவு முத்தி வெளிய வருது" என்றார்.

வந்தது வம்பு. ஸ்கேன் பார்த்த டாக்டர், மண்டையோட்டு எலும்பிலேயே கட்டி என்றார். அந்த எலும்பை வெட்டியெடுத்துவிட்டு, அங்கே உலோகத் தகடு வைத்துத் திருகிவிடுவார்களாம். புற்றுநோயா இல்லையா என்பது எடுத்த எலும்பைச் சோதித்தால்தான் தெரியுமாம். எனக்குச் சோறு இறங்கவில்லை. பயம் வந்தால் அவருக்கோ வாயும் கையும் சும்மா இருக்காது.

ஆபரேஷன் அன்று காலையில் நர்ஸ் வந்து, காதுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் மழித்துவிட்டாள். கண்ணாடியைப் பார்த்தவர் பதறிப்போனார்.

"என்னம்மா இது, எலி கடிச்ச மாதிரி? மிஷினைக் குடு!"

வலப்பக்கத்தைச் சரிசெய்தார். அதற்கு ஈடாக இடப்பக்கத்தை எடுத்தார். பிறகு உச்சியையும் விட்டுவைக்கவில்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். பக்கத்துக் கட்டில் குடலிறக்கக்காரர் ஆசையாகப் பார்த்தார், அவருக்கும் மொட்டை. முழங்கால் ஆபரேஷனுக்கு வந்திருந்த லாரி டிரைவர், "அண்ணே, எனக்கும்" என்று தலையைக் கொடுத்தார்.

டாக்டர் உள்ளே வந்தபோது மூன்று மண்டைகள் பளபளத்தன.

"இதுல என் பேஷண்ட் யாரு?"

கையில் கட்டியிருந்த சீட்டைப் படித்துத்தான் ஆளைப் பிரித்தார்கள். நர்ஸ் திட்டித் தீர்த்தாள். நான் கட்டிலைப் பிடித்துக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தேன். அவரை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போன பிறகு, அதே கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

பத்து நாள் கழித்துத் தையல் பிரித்த அன்றே சோதனை முடிவும் வந்தது. டாக்டர் தாளைப் பிரித்தார்.

"புற்றுநோய் இல்ல. கட்டியை முழுசா எடுத்தாச்சு."

என் வீட்டுக்காரர் அந்தத் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. வெளியே வராந்தாவுக்கு வந்ததும் அவர் குனிந்து என் கையைத் தலையில் வைத்துக்கொண்டார்.

"கண்ணை மூடு. ஆளு யாருன்னு சொல்லு."

குத்தும் புதுமுடி, மேடான தழும்பு.

"என் ஆளுதான்."

"நல்லாத் தடவிப் பாத்துச் சொல்லு. அன்னிக்கு மூணு மொட்டை இருந்துச்சு."