மருந்துச் சீட்டில் யார் பெயர்

டாக்டர் பெய் ஷியூலானின் அறைக்குக் கதவு உண்டு. அது மூடி நான் பார்த்ததில்லை. மேஜைக்கு எதிரே ஒருவர் உட்கார்ந்து நாக்கை நீட்டினால், பின்னால் நிற்கிற ஐந்தாறு பேரும் அந்த நாக்கை எட்டிப் பார்ப்பார்கள். சீனாவில் மூலிகைச் சந்தைக்குப் பேர்போன எங்கள் ஊர் போஜோவில் எல்லா வைத்தியசாலையும் இப்படித்தான். ஆனால் இங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் ஆண்கள். அவர்களில் ஏறக்குறைய எல்லாருக்கும் இடுப்பு வலி.

இடுப்பு வலி என்றால் என்னவென்று எல்லாருக்கும் தெரியும். படுக்கையில் உடம்பு ஒத்துழைக்கவில்லை என்பதை எங்கள் ஊர் ஆண்கள் வேறு விதமாகச் சொல்வதில்லை.

அத்தனை காதுகளுக்கு நடுவில் எப்படி விசாரிப்பது? டாக்டர் ஒரு வழி வைத்திருந்தார். மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து நாடி பார்த்தபடியே, "ஆமான்னா ஆள்காட்டி விரலைத் தூக்கு. இல்லன்னா சும்மா இரு" என்பார். வருகிற ஆண்கள் அத்தனை பேரிடமும், சளிக்கு வந்தவரிடம்கூட, அதே பத்துக் கேள்விகள். ஆகவே கேள்வி யார் காதில் விழுந்தாலும் பாதகமில்லை. பதில் அவர்கள் இருவருக்கும் இடையிலேயே முடிந்துவிடும். ஐம்பத்தெட்டு வயதுப் பெண்ணிடம் ஊர் ஆண்கள் வரிசையில் நின்றதற்கு அந்த விரல்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

நான் பக்கத்து அறையில் மருந்து கட்டிக் கொடுப்பவன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். மருந்தியல் படித்துவிட்டு வந்ததால், சீட்டில் "சிறுநீரக நெருப்பு தணிவு", "கல்லீரல் அடைப்பு" என்று பார்க்கும்போது முதல் வருஷம் உள்ளுக்குள் சிரிப்பு வரும். நான் படிக்க வேண்டும் என்று பதினாறு வயதில் பள்ளியை விட்டவன் என் அண்ணன் லெய்மிங். சந்தையிலிருந்து மூலிகை ஏற்றிப்போகும் லாரி ஓட்டுகிறான். அவன் அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்த நாளில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவனுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். குழந்தையில்லை. கர்ப்பப்பை குளிர்ந்து கிடக்கிறது என்று அம்மாவாகவே முடிவு செய்து, அண்ணி யாவ்சினுக்கு ஒரு வருஷமாகக் கஷாயம் காய்ச்சிக் கொடுத்து வந்தாள். அண்ணி மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பாள். போன மாதம், தூரத்து நகரமான நிங்போவில் தையல் ஆலையில் வேலை கிடைத்திருக்கிறது, முன்னோர் கல்லறை கும்பிடும் நாள் முடிந்ததும் கிளம்புகிறேன் என்று சொல்லிவிட்டாள். திரும்பி வருவாளா என்று யாரும் கேட்கவில்லை. அண்ணனும் கேட்கவில்லை.

"இடுப்பு வலி" என்றான் அண்ணன்.

"லாரிக்காரனுக்கு வசதிதான். பழியை டிரைவர் சீட் மேல போட்டுடலாம்" என்றார் பின்னால் நின்ற சுமை தூக்குகிற பெரியவர். எல்லாரும் சிரித்தார்கள்.

"என்னென்ன குடிக்கிற?" டாக்டர் கேட்டார்.

"மான் கொம்பு ஊறப்போட்ட சாராயம், ரெண்டு வேளை. அப்புறம் ஆட்டுக்கறி."

"எத்தனை மாசமா?"

"எட்டு."

"நாக்கை நீட்டு. இது நாக்கா, மஞ்சள் பூசின செருப்பா?"

சீட்டில் ஓர் எழுத்து புரியாமல் கேட்கப் போன நான் மேஜையருகே நின்றிருந்தேன். "காலையில முழிக்கும்போது எல்லாம் ஒழுங்கா இருக்கா?" என்று டாக்டர் கேட்டார். அண்ணனின் விரல் எழுந்தது. நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

டாக்டர் அறை முழுக்கக் கேட்கிற மாதிரி பேசினார். "எல்லாரும் கேட்டுக்குங்க. இடுப்பு வலின்னதும் அடுப்பு அணைஞ்சு போச்சுன்னு நீங்களே முடிவு பண்ணி விறகைத் திணிக்கிறீங்க. பாதிப் பேருக்கு அடுப்பு நல்லாத்தான் எரியுது, புகைபோக்கி அடைச்சிருக்கு. கவலையும் பயமும் கல்லீரல்ல கட்டிக்கிட்டா நாடி வில்லு நாண் மாதிரி விறைச்சு நிக்கும். அதுக்கு மேல சூடு ஏத்தினா வீடு பூரா புகைதான்."

சாராயத்தை நிறுத்தச் சொன்னார். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருத்துவமனையில் பரிசோதித்துவிட்டு வரச் சொன்னார். கால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே அக்குபங்சர் ஊசி செருகினார். அப்புறம் சீட்டை எடுத்தார். "வெள்ளைப் பியோனி வேர். நீ மூட்டை மூட்டையா ஏத்திட்டுப் போறியே, அதேதான். பேரு?"

"யாவ்சின்னு எழுதுங்க டாக்டரம்மா. என் வீட்டுக்காரி."

இதில் புதிதாக ஒன்றுமில்லை. இடுப்பு வலிக்காரர்கள் எல்லாரும் சீட்டை மனைவி பெயரில்தான் எழுதச் சொல்வார்கள். நான் பெண் பெயரைக் கூப்பிடுவேன், ஓர் ஆண் வந்து வாங்கிப் போவான். டாக்டரும் மறுபேச்சில்லாமல் எழுதித் தருவார். அன்று பேனா நின்றது. அண்ணனின் மணிக்கட்டை மறுபடி பிடித்தார்.

"அவ இப்பவே வேற மருந்து குடிக்கிறாளா?"

விரல் எழுந்தது.

"குழந்தைக்காகவா?"

எழுந்தது.

"உன் சங்கதி அவளைத் தவிர வேற யாருக்காவது தெரியுமா?"

விரல் அசையவில்லை.

டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "ரெண்டு பேர் மருந்தையும் ஒருத்தியே குடிக்க முடியாது. நாளைக்கு அவளையும் கூட்டிட்டு வா."

குறை அண்ணியிடம் இல்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒரு வருஷமாக அந்தக் கஷாயக் கிண்ணத்தை அண்ணி கழுவி வைப்பதைப் பார்த்திருக்கிறேன். மருந்து படித்தவன் நான். அதில் என்ன இருக்கிறது, எதற்குக் குடிக்கிறீர்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

மறுநாள் இருவரும் வந்தார்கள். அண்ணனுக்குச் சர்க்கரையும் அழுத்தமும் சரியாக இருந்தன. டாக்டர் அண்ணியின் இரண்டு கைகளிலும் நிதானமாக நாடி பார்த்தார். "இவளுக்கு மருந்தே வேண்டாம். அந்தக் கஷாயத்தை இன்னைக்கே நிறுத்திடு."

அண்ணி தலையாட்டினாள். எழுந்திருக்கவில்லை, அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் புதுச் சீட்டை முன்னால் வைத்து, "பேரு சொல்லு" என்றார்.

பின்னால் ஆறு பேர் நின்றார்கள். அண்ணன் பேன்ட்டில் உள்ளங்கையைத் துடைத்தான். "கோங் லெய்மிங்" என்றான். சொல்லிவிட்டு, யாரும் கேட்காமலே, "எனக்குத்தான்" என்றான்.

சுமை தூக்குகிற பெரியவர் ஓரடி முன்னால் வந்தார். "என் சீட்டு ஒம்பது வருஷமா என் வீட்டுக்காரி பேர்லதான் இருக்கு தம்பி. அவளுக்கே அது தெரியாது."

"இருபத்தெட்டு நாள்" என்றார் டாக்டர். "அதுவரைக்கும் பக்கத்துல படு, பேசு, தொடாதே. பரீட்சையே கிடையாதுன்னா பயமும் கிடையாது."

நான் மருந்தை எடுத்துக் கட்டி, அண்ணனின் பெயரை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கூப்பிட்டேன். அவனே வந்து வாங்கிக்கொண்டான்.

வீட்டில் அண்ணி மண்சட்டியை அடுப்பில் வைத்தாள். அம்மா எட்டிப் பார்த்தாள். "உன் கஷாயமா? நல்லா சுண்டட்டும்."

"அது எனக்கு, அம்மா" என்றான் அண்ணன். "இத்தனை நாளும் எனக்குத்தான் வேண்டியிருந்துச்சு."

அம்மா அவனைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள். கையிலிருந்த கீரையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அண்ணி கஷாயத்தை வடிகட்டி நீட்டினாள். "மிச்சம் வைக்காமக் குடிங்க. நான் ஒரு வருஷம் குடிச்சேன்ல."

கல்லறை நாளன்று அண்ணி எங்களோடு தாத்தாவின் சமாதிக்கு வந்து புல் பிடுங்கினாள். நிங்போவுக்குக் கட்டி வைத்த பை கட்டிலுக்கு அடியில் இன்னும் இருந்தது. ஆனால் அந்த நாள் முடிந்தும் அவள் கிளம்பவில்லை.

குணமாக்குவது வேரா, ஊசியா, பேச்சா என்று டாக்டரிடம் ஒருநாள் கேட்டேன். "தெரியல. நீ படிச்சவன், தெரிஞ்சா எனக்குச் சொல்லு" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. முப்பது வருஷம் நாடி பிடித்த ஒருவர் தெரியாது என்று சொன்னதும் அவர் மீது எனக்கு நம்பிக்கை கூடியது. ஏன் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இருபதாம் நாள் அண்ணன் வந்து உட்கார்ந்தான். அறையில் வழக்கமான கூட்டம். டாக்டர் மணிக்கட்டில் விரல் வைத்து, கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் இருந்தார்.

"நான் சொன்ன கணக்குல இன்னும் எட்டு நாள் இருக்கே. மீறிட்டியா?"

அண்ணனின் விரல் மெதுவாக எழுந்தது.

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சீட்டை எடுத்தார். பெயர் கேட்காமலே எழுதினார்.